நம்பர் வரும் முன்பே அது பேருந்துதான்

கரூரில் பாடி கட்ட வரும் சேசிஸுக்கு நிரந்தரப் பதிவு எண் கிடையாது. கையில் இருப்பது தற்காலிகப் பதிவு மட்டும். பாடி ஏறி, சோதனை முடிந்த பிறகுதான் நிரந்தர எண் வரும். சில ஆண்டு ஓட்டிவிட்டு வேறு மாநிலத்துக்கு விற்றால் அங்கே மறுபதிவு, புது எண். இதற்கிடையில் ஒர்க்‌ஷாப் அதைச் சேசிஸ் நம்பரால் அழைக்கும், டிராஃபிக் பிரிவு பதிவு எண்ணால் அழைக்கும், கணக்குப் பிரிவுக்கு அது ஒரு சொத்து எண். வண்டி ஒன்றுதான்.

இப்படிப்பட்ட பேருந்துக் கம்பெனிக்கு டேட்டாபேஸ் எழுதும்போது பலரும் முதலில் செய்வது, பேருந்து அட்டவணையில் பதிவு எண்ணைப் பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளமாக, வைப்பது. அதில் வரும் சிக்கல் மூன்று வகை. எண் மாறும். ஒரே வண்டிக்கு வெவ்வேறு அட்டவணையில் வெவ்வேறு கீ இருக்கும். எண் வருமுன்னும் போன பின்னும் அந்த வண்டியைப் பற்றி எழுதவேண்டியிருக்கும். டேட்டாவை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் மாடலைத் தந்த எட்கர் காட் இந்த மூன்றையும் 1979 டிசம்பரிலேயே எழுதிவிட்டார். பேருந்துக்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டவை இரு கம்பெனிகள் இணையும்போது மோதிக்கொள்ளும் ஊழியர் எண்களும், இன்னும் ஊழியர் எண் கிடைக்காத விண்ணப்பதாரரும், ஓய்வு பெற்றவரும்.

ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்தபோது அவர் ஏசிஎம் என்ற கணினித்துறைச் சங்கத்தின் இதழில் எழுதிய அந்தக் கட்டுரை, 1970இல் தான் கொடுத்த மாடலையே நீட்டித்து இன்னும் கொஞ்சம் அர்த்தத்தைப் பிடித்துவைக்கப் பார்த்தது. அந்த நீட்டிப்புக்கு ஆர்எம்/டி என்று பெயர். கடைசி எழுத்து டாஸ்மேனியாவைக் குறிக்கும். முதலில் அதைப் பற்றிப் பேசியது அங்கேதான். இதை முழுதாகச் செய்துகாட்டிய தளம் எதுவும் பரவலாகச் சந்தைக்கு வரவில்லை. ஆனால் இன்றைய போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் அதன் பெரும்பகுதியைச் சாதாரணக் கட்டுப்பாடுகளாலேயே, அதாவது டேட்டாபேஸ் தானே காக்கும் விதிகளாலேயே, எழுதிவிடலாம். எதை எப்படி எழுதுவது, எங்கே இடறும் என்பதுதான் கீழே.

பதிலி

காட் சொன்ன தீர்வு சரோகேட், அதாவது பதிலி. வெளியுலகில் உள்ள ஒரு பொருளுக்கு டேட்டாபேஸ் தானே சூட்டும் அடையாளம். எல்லாரும் வைக்கும் ஐடி நெடுவரிசைதானே என்று தோன்றும். கிட்டத்தட்ட அதுதான், ஆனால் காட் போட்ட நிபந்தனைகளில் பாதியை நாம் கைவிட்டுவிட்டோம். அவர் கணக்கில் பயனர் ஒரு பதிலியை உருவாக்கச் சொல்லலாம், நீக்கச் சொல்லலாம். அதன் மதிப்பு என்ன என்று முடிவு செய்ய முடியாது, பார்க்கவும் முடியாது. நாமோ அதை யூஆர்எல்லில் போட்டு, ரசீதில் அச்சடித்து, போனில் வாசிக்கவும் வைக்கிறோம். நாலு பேர் மனப்பாடம் செய்துவிட்ட ஐடி பதிலி இல்லை. அது இன்னொரு பதிவு எண்.

போஸ்ட்கிரெஸில் ஐடியை ‘ஜெனரேட்டட் ஆல்வேஸ் ஆஸ் ஐடென்டிட்டி’ என்று அறிவியுங்கள். பழைய ‘சீரியல்’ வகையில் யார் வேண்டுமானாலும் கையால் ஓர் எண்ணைத் திணிக்கலாம். அடுத்தடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் பின்னால் அதே எண்ணுக்கு வரும்போது இன்சர்ட், அதாவது வரியைச் சேர்ப்பது, பிழையாகி விழும். ஆல்வேஸ் என்று போட்டால், வெளிப்படையாக மீறச் சொன்னாலொழிய இன்சர்ட்டில் திணிக்க முடியாது. வகை ‘பிக்இன்ட்’ ஆகட்டும். 32 பிட் எண் 2147483647இல் முடிந்துவிடும். டிக்கெட் அட்டவணை போன்றவை அங்கே போய் முட்டும் நாளில் நெடுவரிசை வகையை மாற்றினால், முழு அட்டவணையையும் பூட்டி மறுபடி எழுதவேண்டியிருக்கும்.

அப்புறம், ஒரு முறை தந்த பதிலியை மறுபடி இன்னொன்றுக்குத் தரவே கூடாது. மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் 5.7 வரை அதன் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி தன் ஆட்டோ இன்க்ரிமென்ட் எண்ணை மெமரியில் மட்டும்தான் வைத்திருந்தது. கடைசி வரியை நீக்கிவிட்டு சர்வரை ரீஸ்டார்ட் செய்தால், இருப்பதில் பெரிய எண்ணைப் பார்த்து அடுத்ததைக் கொடுக்கும். நீக்கிய ஐடி உயிர்த்தெழும். பழைய லாக், பழைய பேக்கப், வேறொரு சிஸ்டத்தில் இருக்கும் குறிப்பு எல்லாம் இப்போது தப்பான வண்டியைக் காட்டும். 8.0இல் இதைச் சரிசெய்துவிட்டார்கள். எஸ்க்யூலைட்டில் ‘ஆட்டோஇன்க்ரிமென்ட்’ என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் இதே கதை இன்றும் உண்டு.

இதைவிட அடிக்கடி நடக்கும் தவறு, ஐடி வந்துவிட்டது என்று நிஜ உலகக் கீயின் மேல் போடவேண்டிய யூனிக்கை, அதாவது ஒரே மதிப்பு இரண்டு வரியில் வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை, விட்டுவிடுவது. விளைவு: ஒரே சேசிஸ் 412 என்றும் 977 என்றும் இரண்டு வண்டியாக உட்கார்ந்திருக்கும். பதிலி வந்ததால் பயனர் கீ தேவையற்றுப் போகாது என்று காட்டே எழுதியிருக்கிறார். சேசிஸ் நம்பருக்கு யூனிக் போடுங்கள். 17 இலக்க நம்பராக இருந்தால் நீளம் 17, அதில் ஆங்கில எழுத்துகள் ஐ, ஓ, க்யூ வரக்கூடாது என்று செக்கும் (மதிப்பைச் சோதிக்கும் விதி) போடலாம். ஒன்று, சுழியம் ஆகியவற்றோடு குழம்பும் என்பதால் அந்த மூன்றையும் தரநிலையே விலக்கிவைத்திருக்கிறது. தட்டச்சுப் பிழையில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

அப்படியும் இரட்டைப் பதிவு வரும். இரண்டு பதிலிகளும் ஒரே பொருள்தான் என்று பின்னால் தெரிந்தால் ஒன்றாக்க ஒரு கட்டளை வேண்டும் என்பதையும் காட் யோசித்திருந்தார். போஸ்ட்கிரெஸில் அது கிடையாது, நாமே எழுதவேண்டும். ஒரே ட்ரான்ஸாக்‌ஷனுக்குள் (எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) இரண்டு வரிகளையும் ‘செலக்ட் ஃபார் அப்டேட்’ போட்டுப் பூட்டுங்கள், எப்போதும் சிறிய ஐடியை முதலில். வரிசை மாறினால் இரண்டு பேர் ஒரே சமயம் இணைக்கும்போது ஒருவருக்காக ஒருவர் காத்து நிற்கும் டெட்லாக் ஆகும். பிறகு இந்த அட்டவணையைச் சுட்டும் ஃபாரின் கீ (இன்னொரு அட்டவணையின் வரியைச் சுட்டும் நெடுவரிசை) எல்லாவற்றையும், போஸ்ட்கிரெஸ் தன் கட்டுப்பாடுகளைப் பட்டியலிடும் பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட் அட்டவணையிலிருந்து எடுங்கள். நினைவிலிருந்து எழுதினால் ஒன்றாவது விட்டுப்போகும். ஒவ்வொன்றிலும் விடப்போகும் ‘தோற்ற’ ஐடியை வைத்துக்கொள்ளும் ‘வென்ற’ ஐடியாக மாற்றி, ‘பழைய ஐடி, புது ஐடி’ என்ற ஒரு சின்ன அட்டவணையில் குறித்துவைத்துவிட்டு, பிறகு தோற்ற வரியை நீக்குங்கள். மாற்றும்போது யூனிக் மோதினால் ட்ரான்ஸாக்‌ஷனை விட்டுவிட்டு ஆளிடம் கேளுங்கள். முன்பக்க இடது டயர் என்று இரண்டு பதிவிலும் வேறு வேறு டயர் இருந்தால் எது உண்மை என்று டிப்போவில் போய்ப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

இருப்பது வேறு, அதைப் பற்றித் தெரிந்தது வேறு

ஆர்எம்/டியில் ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் ஓர் ஈ-ரிலேஷன் உண்டு. அதில் ஒரே நெடுவரிசை, பதிலி மட்டும். ஒரு வரி இருந்தால் ‘இப்படி ஒன்று இருக்கிறது’ என்று பொருள், அவ்வளவே. அதன் குணங்கள் தனித்தனி பி-ரிலேஷன்களில் இருக்கும். ஈ-ரிலேஷனில் சேர்க்கலாம், நீக்கலாம், மாற்ற முடியாது. பி-ரிலேஷனில் உள்ள பதிலி ஈ-ரிலேஷனில் இருந்தே ஆகவேண்டும்.

முதல் பார்வைக்கு இது பிடிவாதக்காரரின் வேலைபோலத் தெரியும். ஆனால் பதிவு எண்ணை வைத்துப் பார்த்தால் லாபம் புரியும். பேருந்து அட்டவணையில் பதிவு எண்ணே வேண்டாம். ‘பேருந்து_பதிவு’ என்று தனி அட்டவணை: பேருந்து ஐடி, எண், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற ரேஞ்ச். பாடி கட்டும் காலத்தில் நிரந்தர எண்ணுக்கு வரி இல்லை, சிக்கலும் இல்லை. மறுபதிவு ஆனால் பழைய வரியின் ரேஞ்ச் மூடும், புது வரி வரும். ஆறு மாதம் கழித்துப் பழைய எண்ணுக்கு அபராத நோட்டீஸ் வந்தால், எண்ணையும் குற்றத் தேதியையும் கொடுத்து அன்று எந்த வண்டி என்று கேட்கலாம்.

இதற்கு இரண்டு எக்ஸ்குளூஷன் கட்டுப்பாடு, அதாவது ஒன்றோடொன்று மோதும் வரிகளை உள்ளே விடாத விதி, வேண்டும். ஒரே எண் ஒரே நாளில் இரண்டு வண்டிக்கு இருக்கக்கூடாது. ஒரே வண்டிக்கு ஒரே நாளில் இரண்டு எண் இருக்கக்கூடாது. போஸ்ட்கிரெஸில் ஜிஸ்ட் என்ற வகை இன்டெக்ஸ்மேல் (வரிகளை விரைவாகத் தேட உதவும் பட்டியல்) இது நிற்கும். சமக்குறியையும் ரேஞ்ச் மேற்பொருந்துதலையும் ஒரே கட்டுப்பாட்டில் சேர்க்க ‘பிட்ரீ_ஜிஸ்ட்’ எக்ஸ்டென்ஷனை முதலில் நிறுவவேண்டும்; மறந்தால் ஆபரேட்டர் கிளாஸ் இல்லை என்று பிழை வரும். 2025இல் வந்த 18ஆம் பதிப்பில் இதையே பிரைமரி கீயிலும் யூனிக்கிலும் ‘வித்அவுட் ஓவர்லாப்ஸ்’ என்று நேராக எழுதலாம். ரேஞ்சின் முடிவு நாள் சேராதபடி வையுங்கள், அதாவது ‘வரை’ என்பது அந்த நாளுக்கு முந்தின நாளோடு முடியும். இரண்டு முனையும் சேர்ந்தால் எண் மாறும் நாளன்று இரண்டு வரியும் மோதும். எண்ணைச் சேமிக்கும்போது இடைவெளி, கோடு எல்லாம் நீக்கிப் பெரிய எழுத்தாக்கிச் சேமியுங்கள். இல்லாவிட்டால் ‘டிஎன் 47’ என்று இடைவெளியோடு அடித்ததும் சேர்த்து அடித்ததும் இரண்டு எண்ணாகிவிடும்.

ஆனால் எல்லாக் குணத்தையும் இப்படிப் பிய்த்து வைக்கவேண்டுமா? காட் அதை வடிவமைப்பவரிடமே விட்டுவிட்டார்: குணத்துக்கு ஒரு அட்டவணையாகவும் வைக்கலாம், கூட்டியும் வைக்கலாம். கணக்கைப் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் ஒரு வரியின் தலைப்பு 23 பைட், சீரமைப்பில் 24. அதோடு 8 பைட் ஐடி, பக்கத்தின் தொடக்கத்தில் 4 பைட் சுட்டி. வெறும் ஐடி மட்டும் உள்ள வரிக்கே 36 பைட். 8192 பைட் பக்கத்தில் 226 வரி அடங்கும். 10 லட்சம் வரிக்குச் சுமார் 35 எம்பி. ஒரு தேதியை மட்டும் வைத்திருக்கும் பி-ரிலேஷனுக்கு வரிக்கு 44 பைட், 10 லட்சத்துக்கு 42 எம்பி, பிரைமரி கீ இன்டெக்ஸ் இன்னொரு 21 எம்பி. அதே தேதியை அகலமான அட்டவணையில் காலியாக விட்டால் ஆகும் செலவு ஒரு பிட். ஐநூறு பேருந்து வைத்திருப்பவர் இதைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவேண்டாம். டிக்கெட், ஜிபிஎஸ் புள்ளி போன்ற அட்டவணைகளுக்குத்தான் இந்தக் கணக்கு.

சேர்ந்தே தெரியவந்து சேர்ந்தே மாறுபவற்றை ஓர் அட்டவணையில் வையுங்கள். சேசிஸ் நம்பர், தயாரித்த ஆண்டு, வீல்பேஸ் மூன்றும் முதல் நாளே தெரியும், மாறாது: ஒரே அட்டவணை. இருக்கை எண்ணிக்கை பாடி கட்டிய பிறகு வரும், மறுபடி கட்டினால் மாறும்: தனி. பிரித்தவற்றை லெஃப்ட் ஜாயின் போட்டு (வலப்பக்கம் வரி இல்லாவிட்டாலும் இடப்பக்க வரியை விடாமல் இணைத்து) ஒரு வியூவில், அதாவது சேமித்துவைத்த கேள்வியில், சேர்த்துக் கொடுத்தால் ரிப்போர்ட் எழுதுபவர் பிரிவையே உணரமாட்டார். வலப்பக்கம் யூனிக்காக இருந்து, அதன் நெடுவரிசை எதையும் கேட்காதபோது, போஸ்ட்கிரெஸ் அந்த ஜாயினையே தூக்கிவிடும். ஆனால் ‘ஜாயின்_கொலாப்ஸ்_லிமிட்’ இயல்பாக 8. அதற்குமேல் அட்டவணைகளைச் சேர்த்தால் நீங்கள் எழுதிய வரிசையே பெரும்பாலும் நடைமுறையாகும். வியூவுக்குள் வியூ வைக்கும்போது இது சத்தமில்லாமல் தாண்டிப்போகும்.

காலியிடம் என்ன சொல்கிறது

பேட்டரித் திறன் நெடுவரிசையில் நல், அதாவது மதிப்பு இல்லை என்ற குறி. வண்டி டீசல் என்பதால் பொருந்தாதா? மின்பேருந்துதான், யாரும் இன்னும் எழுதவில்லையா? 1979 கட்டுரையிலேயே காட் இந்த இரண்டையும் பிரித்துப் பேசுகிறார்; 1990இல் இரண்டுக்கும் தனித்தனிக் குறி வேண்டும் என்றே வாதிட்டார். டேட்டாபேஸ்களின் கேள்வி மொழியான எஸ்க்யூஎல் ஒன்றையே கொடுத்தது. தமிழ்நாட்டில் ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்ற படிவத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. தலைப்பெழுத்து மட்டும் உள்ளவருக்குக் குடும்பப் பெயர் ‘தெரியவில்லை’ இல்லை, ‘கிடையாது’. கட்டாயம் என்று நெடுவரிசை சொல்வதால் ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை அடிப்பார், ஒருவர் அப்பா பெயரை எழுதுவார். பிறகு அந்த நெடுவரிசையை வைத்து யாரைத் தேடினாலும் கிடைக்காது.

‘பொருந்தாது’ என்பதை நல்லால் சொல்லாதீர்கள். பொருந்தும் பொருள்களுக்கு மட்டும் தனி அட்டவணை வையுங்கள், அதைப் பற்றிக் கீழே. ‘தெரியாது’ என்பதற்கு நல் சரி, அல்லது வரியே இல்லாமல் இருக்கட்டும். ஏன் தெரியாது என்பது முக்கியமானால் காரண நெடுவரிசை ஒன்று சேர்த்து, ‘மதிப்பு இருந்தால் காரணம் இருக்கக்கூடாது, மதிப்பு இல்லாவிட்டால் காரணம் இருக்கவேண்டும்’ என்று செக் போடுங்கள். அதை ‘ஈஸ் நல்’, ‘ஈஸ் நாட் நல்’ கொண்டு மட்டுமே எழுதுங்கள்.

காரணம் இருக்கிறது. கேள்வியில் வரிகளை வடிகட்டும் ‘வேர்’ (எங்கே) விதி ‘தெரியாது’ என்று வந்த வரியைத் தள்ளிவிடும். செக் விதி அதே ‘தெரியாது’ வந்தால் உள்ளே விட்டுவிடும். ‘வகை மின் என்றால் பேட்டரி சுழியத்துக்கு மேல், வகை டீசல் என்றால் டேங்க் சுழியத்துக்கு மேல்’ என்று எழுதிய செக்கில், பேட்டரி நல்லாக உள்ள மின்பேருந்து தாராளமாக நுழையும். முதல் பாதி தெரியாது, இரண்டாம் பாதி பொய், இரண்டையும் ‘அல்லது’ போட்டால் தெரியாது, செக் வழிவிட்டுவிடும். மைஎஸ்க்யூஎல்லில் 8.0.16க்கு முன்பு செக் என்று எழுதினால் வாசித்துவிட்டு ஒதுக்கிவிடும் என்பது வேறு கதை. பழைய சர்வரிலிருந்து வந்த அட்டவணைகளில் செக் இருக்கிறதே என்று நம்பவேண்டாம்.

இன்னொரு இடம்: ‘இன்று ட்ரிப்புக்குப் போகாத பேருந்துகள் எவை?’ என்று ‘நாட் இன்’ (இந்தப் பட்டியலில் இல்லாதவை) வைத்துக் கேட்கிறீர்கள். ட்ரிப் அட்டவணையில் இன்னும் வண்டி ஒதுக்காத ஒரு ட்ரிப், அதாவது ஒரே ஒரு நல், இருந்தால் போதும். விடை காலி. எல்லா வண்டியும் ஓடுகிறது என்று மகிழ்ச்சியாக ரிப்போர்ட் போகும். ‘நாட் எக்ஸிஸ்ட்ஸ்’ கொண்டு எழுதினால் இது வராது.

எது எதைச் சார்ந்தது

பொருள்களைக் காட் மூன்றாகப் பிரித்தார். தானாக நிற்பவை கெர்னல். இன்னொன்றை விவரிக்க மட்டுமே இருப்பவை கேரக்டரிஸ்டிக். பலவற்றை இணைப்பவை அசோசியேட்டிவ். அகராதி வேலைபோலத் தோன்றும் இந்தப் பிரிவினையின் பலன், ஃபாரின் கீயில் ‘ஆன் டெலீட்’ (சுட்டப்படும் வரியை நீக்கினால்) என்ற இடத்தில் என்ன எழுதுவது என்ற கேள்விக்கு அது நேராக விடை தருவதுதான். பெரும்பாலான டேட்டாபேஸ்களில் அந்த இடம் ஊகத்தால் நிரப்பப்படுகிறது.

கேரக்டரிஸ்டிக் என்றால்: தான் விவரிக்கும் பொருள் இல்லாமல் இருக்கமுடியாது. எனவே ஃபாரின் கீ நாட் நல் (காலியாக விடக்கூடாது), ‘ஆன் டெலீட் கேஸ்கேட்’ (அது நீங்கினால் இதுவும் நீங்கும்). வண்டியின் இருக்கை வரைபடம், அதன் புகைப்படங்கள் இந்த வகை. அசோசியேட்டிவ் என்றால்: கட்டுப்பாடு வேறாகச் சொன்னாலொழிய, பங்கேற்கும் ஒன்று தெரியாமலே இருக்கலாம். இரவு பத்து மணி மதுரை ட்ரிப் உறுதி, ஓட்டுநர் இன்னும் முடிவாகவில்லை; ஓட்டுநர் நெடுவரிசை நல்லாக இருக்கலாம். இங்கே கேஸ்கேட் கூடாது, ‘ரெஸ்ட்ரிக்ட்’ (சுட்டும் வரி இருக்கும்வரை நீக்க விடாது). ஓட்டுநரின் வரியை நீக்கியதும் அவர் ஓட்டிய ட்ரிப்பும் அதன் டீசல் கணக்கும் வசூலும் சேர்ந்து மறைந்தால், ஆடிட்டர் வரும் நாளில்தான் தெரியும்.

டயர் எந்த வகை? பேருந்தின் உறுப்பு, எனவே கேரக்டரிஸ்டிக் என்று எழுதத் தோன்றும். ஆறு டயரும் ஒரு ஸ்டெப்னியும், பேருந்து ஐடியோடு ஏழு வரி. ஆனால் டயர் வண்டி விட்டு வண்டி மாறும், முன்னே இருந்தது பின்னே போகும், ரீட்ரெடிங் போய்த் திரும்பி வரும், வண்டியை விற்றாலும் டயர் ஸ்டோரில் கிடக்கும். அது கெர்னல். ‘பொருத்தம்’ என்பதுதான் அசோசியேட்டிவ்: டயர், பேருந்து, இடம், காலம். ஒரு டயர் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கக்கூடாது, ஓர் இடத்தில் இரண்டு டயர் கூடாது என்று முன்பு சொன்ன அதே எக்ஸ்குளூஷன் இரண்டு. டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்ற கேள்விக்கு விடை இந்தப் பொருத்தங்களின் கூட்டல்; கேரக்டரிஸ்டிக்காக எழுதியிருந்தால் அந்தக் கேள்வியையே கேட்கமுடியாது. ஐயம் வந்தால் ஒன்று கேளுங்கள்: அது போனால் இதுவும் போகுமா, இல்லை ஸ்டோரில் கிடக்குமா?

போஸ்ட்கிரெஸ் ஃபாரின் கீ நெடுவரிசைக்குத் தானாக இன்டெக்ஸ் போடாது. இன்னோடிபி போடும். இன்டெக்ஸ் இல்லாமல் ஒரு பேருந்து வரியை நீக்கினால், சுட்டும் ஒவ்வொரு அட்டவணையையும் தலைமுதல் கால்வரை படித்துப் பார்க்கும். இருபது வரியை நீக்க ஏன் இத்தனை நேரம் என்று திகைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

வகையும் உள்வகையும்

மின்பேருந்து ஒரு பேருந்து. எந்த மின்பேருந்தின் பதிலியும் பேருந்தின் ஈ-ரிலேஷனிலும் இருந்தாகவேண்டும். இது ஆர்எம்/டியின் உள்வகை விதி. எழுதும் முறை: பேருந்து அட்டவணையில் ஐடியும் எரிபொருள் வகையும், இரண்டும் சேர்ந்து ஒரு யூனிக். மின்பேருந்து அட்டவணையில் ஐடி பிரைமரி கீ, வகை நெடுவரிசைக்கு ‘மின்’ மட்டுமே என்று நாட் நல்லும் செக்கும், ஐடியும் வகையும் சேர்ந்து பேருந்தின் அந்த யூனிக்குக்கு ஃபாரின் கீ. பேட்டரித் திறன், சார்ஜர் வகை எல்லாம் இங்கே நாட் நல். டீசல் வண்டிக்கு டேங்க் கொள்ளளவு இதேபோல வேறொன்றில். ஒரே வண்டி இரண்டிலும் நுழைய முடியாது. டீசலை மின்சாரத்துக்கு மாற்றிக் கட்டினால் ஒரே ட்ரான்ஸாக்‌ஷனில் டீசல் வரியை நீக்கி, வகையை மாற்றி, மின் வரியைச் சேர்க்கவேண்டும். வரிசையை மாற்றினால் டேட்டாபேஸ் விடாது, அதுவே வேண்டியது.

இந்த வடிவம் காக்காத ஒன்று உண்டு. வகை ‘மின்’ என்று சொல்லும் பேருந்துக்கு மின்பேருந்து அட்டவணையில் வரி இல்லாமல் போகலாம். தள்ளிப்போட்ட கன்ஸ்ட்ரெயின்ட் ட்ரிக்கரால் (தானாக ஓடும் சோதனை) கமிட் நேரத்தில், அதாவது மாற்றங்கள் உறுதியாகும்போது, பிடிக்கலாம். சின்ன இடங்களுக்கு, இரவில் ஒரு கேள்வி ஓட்டி விடுபட்டதைப் பட்டியலிடுவதே என் தேர்வு; ட்ரிக்கரைப் பராமரிக்க ஆள் வேண்டும்.

ஒருவர் இரண்டு வகையாகவும் இருக்கமுடியும் என்றால் வகை நெடுவரிசையே வேண்டாம். ஓட்டுநர் உரிமமும் நடத்துநர் உரிமமும் வைத்திருப்பவர் இரண்டு அட்டவணையிலும் ஒரே பதிலியோடு இருப்பார். வகை நெடுவரிசையை வைத்துவிட்டுப் பிறகு ‘ஓட்டுநர்-நடத்துநர்’ என்று மூன்றாவது வகை கண்டுபிடிப்பது வழக்கமான சறுக்கல்.

போஸ்ட்கிரெஸில் ‘இன்ஹெரிட்ஸ்’ (ஓர் அட்டவணை இன்னொன்றின் நெடுவரிசைகளைப் பெறுவது) இருக்கிறதே என்று கேட்பார்கள். இந்த வேலைக்கு அது ஆகாது. தாய் அட்டவணையின் யூனிக் குழந்தை அட்டவணைகளுக்குக் குறுக்கே நிற்காது. தாயைச் சுட்டும் ஃபாரின் கீக்குக் குழந்தையின் வரிகள் தெரியாது.

காட் இன்னொன்றையும் பிரித்துவைத்தார்: மாற்றுப் பொதுமை. வண்டி உரிமையாளர் ஒரு தனிநபராகவோ கூட்டாண்மையாகவோ கம்பெனியாகவோ இருக்கலாம்; ஆனால் எல்லாத் தனிநபரும் உரிமையாளர் இல்லை. ஃப்ரேம்வொர்க்குகள் இதற்குச் சொல்லித்தரும் வழி ‘உரிமையாளர்_வகை, உரிமையாளர்_ஐடி’ என்ற இரட்டை நெடுவரிசை. அதில் ஃபாரின் கீ போட வழியே இல்லை. மாதங்கள் கழித்து யாருமற்ற ஐடிகள் குவிந்திருக்கும். மூன்று தனி நெடுவரிசை, மூன்றுக்கும் நிஜ ஃபாரின் கீ, ‘நம்_நான்நல்ஸ் (நல் அல்லாதவற்றின் எண்ணிக்கை) ஒன்றுக்குச் சமம்’ என்று ஒரு செக். வகைகள் நாலைத் தாண்டினால் ‘உரிமையாளர்’ என்று பொது ஈ-ரிலேஷன் வைத்துவிடுங்கள்.

முன்னது, பின்னது

நிகழ்வுகளுக்கு ஒன்றன்பின் ஒன்று என்ற உறவும் ஆர்எம்/டியில் உண்டு. வேலை முடிந்து வண்டி வெளியேறும் நிகழ்வு, வேலைச் சீட்டான ஜாப் கார்டு திறந்ததற்குப் பின்தான் வரமுடியும். ஃபாரின் கீ ‘ஜாப் கார்டு இருக்கிறது’ என்பதை மட்டும் காக்கும், தேதி வரிசையைக் காக்காது. செக் வேறு அட்டவணையைப் பார்க்கமுடியாது. சின்னத் தந்திரம்: ஜாப் கார்டில் ஐடியும் திறந்த நேரமும் சேர்ந்து ஒரு யூனிக். வெளியேற்ற அட்டவணையில் திறந்த நேரத்தையும் பிரதி எடுத்து வைத்து, இரண்டும் சேர்ந்து ஃபாரின் கீ, ‘ஆன் அப்டேட் கேஸ்கேட்’, எல்லாமே நாட் நல், வெளியேறிய நேரம் திறந்த நேரத்துக்குக் குறையக்கூடாது என்று செக். யாராவது பின்னால் திறந்த நேரத்தைத் திருத்தினால் பிரதியும் மாறும். வரிசை குலைந்தால் அந்தத் திருத்தமே நிற்கும். ட்ரிக்கர் வேண்டியதில்லை. ‘டைம்ஸ்டாம்ப்’ நெடுவரிசைகள் இரண்டும் ஒரே வகையாக, நேர மண்டலத்தோடு இருக்கட்டும்.

அட்டவணைகளைப் பற்றிய அட்டவணை

எது எதன் உள்வகை, எது எதன் கேரக்டரிஸ்டிக், எது எதற்கு முன் என்பதையெல்லாம் ஆர்எம்/டி, டேட்டாபேஸ் தன்னைப் பற்றியே வைத்திருக்கும் கேட்டலாகிலேயே ரிலேஷன்களாக, அதாவது அட்டவணைகளாக, வைக்கிறது. இன்றைய கேட்டலாகில் அந்த இடம் காலி. நாமே ஒன்று வைக்கலாம்: அட்டவணைப் பெயர், வகை (கெர்னல், கேரக்டரிஸ்டிக், அசோசியேட்டிவ், உள்வகை, குணம்), எதைச் சார்ந்தது. மூன்று நெடுவரிசை, நாற்பது அட்டவணை உள்ள டேட்டாபேஸுக்கு அரை நாள் வேலை.

அதை ஆவணமாக மட்டும் விட்டால் மூன்று மாதத்தில் பொய்யாகும். மாற்றத்தை வெளியிடும் டிப்ளாய்க்கு முன் ஓடும் சோதனையில் அதைப் பிஜி_கன்ஸ்ட்ரெயின்டோடு ஒப்பிடுங்கள். கேரக்டரிஸ்டிக் என்று அறிவித்த ஒவ்வொன்றுக்கும் சார்ந்த அட்டவணையைச் சுட்டும் ஃபாரின் கீயின் ‘கான்ஃப்டெல்டைப்’ சி ஆக, அதாவது கேஸ்கேட் ஆக, இருக்கிறதா, நெடுவரிசை நாட் நல்லா? அசோசியேட்டிவ் என்றால் அந்த எழுத்து ஏ அல்லது ஆர் மட்டுமே. ஏ என்றால் நோ ஆக்‌ஷன், ஆர் என்றால் ரெஸ்ட்ரிக்ட். உள்வகையில் பிரைமரி கீ ஃபாரின் கீயிலும் இருக்கிறதா? அறிவிக்காத புது அட்டவணை ஏதாவது வந்திருந்தால் சோதனை விழட்டும். புதிதாக வந்தவர் ‘டயர்_பழுது’ என்று ஒன்றைச் சேர்த்திருப்பார். அது டயரின் கேரக்டரிஸ்டிக்கா, டயரையும் ஜாப் கார்டையும் இணைக்கும் அசோசியேட்டிவா என்று அவர் அன்றே முடிவு செய்தால்தான் அவருடைய மைக்ரேஷன் (அட்டவணை மாற்றம்) உள்ளே போகும்.